விட்டுவைத்த வெள்ளை

வலியசாலை,
9 ஜூன் 2024

அக்காவுக்கு பத்மா நமஸ்காரம்.

உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை மத்தியானம் மறந்துவிட்டு ராத்திரி இரண்டாகப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை விட்டாயா? எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மழை பிடித்துக்கொண்டு துணி காயமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நாம் பேசி எத்தனை தடவை சண்டையில்லாமல் முடிந்திருக்கிறது? நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அத்திம்பேர் ஸ்பீக்கரில் போடச் சொல்லி நியாயம் சொல்ல வருவார். கடுதாசியில் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி வாயைத் திறக்க முடியாது. அதனால் உன் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன். கணக்கு டீச்சருக்கு வரும் கடுதாசியை யாரும் பிரிக்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான். நான் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. சாலைக் கடைத்தெருவில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடைக்கு மேலே, மாடி முழுக்க ஒரே ஹால். ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும் அங்கே சித்திரப் பள்ளி. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. வயசு கேட்பதில்லை, ஜாதகம் கேட்பதில்லை, ஹாலைப் பெருக்குவது மட்டும் எல்லோருக்கும் முறை. கீழே மூட்டை பிரித்தால் மேலே வகுப்பே தும்மும்.

டீச்சர் ஸ்மிதா என்று ஒரு மலையாளிப் பெண். முப்பது வயசிருக்கும். ரப்பரைக் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்வாள். தப்பான கோட்டை அழிக்கவே கூடாதாம். “தெற்றட்டே சேச்சி, பக்கத்தில சரியான வரை போட்டா மதி” என்பாள், சரியான கோட்டைப் பக்கத்தில் போட்டால் போதுமாம். மூன்று வகுப்பாக ஒரு நசுங்கின பித்தளைக் கூஜாவைத்தான் வரைகிறோம். கூஜாவை வரையாதே, கூஜாவுக்கும் அதன் கைப்பிடிக்கும் நடுவே இருக்கிற காலியிடத்தை வரை என்கிறாள். வரைந்தேன் அக்கா. கூஜா தானாக வந்து நின்றது! நாற்பத்தைந்து வயசில் ஒரு கூஜாவைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆர்யா எப்படி இருக்கிறாள்? அவள் ஆபீசில் பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிட்டார்களா, இல்லை வீட்டிலிருந்தே வேலைதானா? சித்தியோடு பேசி ரொம்ப நாளாயிற்று என்று அவளிடம் சொல். அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

பத்மா


அம்பாசமுத்திரம்,
30 ஜூன்

அன்புள்ள பத்மாவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

சர்க்கரை சொன்னபடி கேட்கிறது. உன் அத்திம்பேர்தான் கேட்பதில்லை. ரிடையர் ஆன பிறகும் பாங்க் மானேஜர் மாதிரி வீட்டில் ஆளுக்கொரு மெமோ கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே.

படம் வரைவதில் எனக்கு என்ன ஆட்சேபணை? வீட்டிலேயே உட்கார்ந்து வரையக்கூடாதா என்றுதான் கேட்கிறேன். இத்தனை வருஷம் நாலு பேர் கூடுகிற இடம் என்றால் நீயே ஒதுங்கிப் போவாய். இப்போது சாலைக் கடைத்தெருவில், அத்தனை பேர் நடுவில் எதற்கு? யாராவது ஏதாவது சொல்லி நீ மனசு நொந்து வரக்கூடாது. அதுதான் என் பயம்.

ஆர்யா நன்றாக இருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு ஜாதகம் எடுத்தாயிற்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூட ஹிந்தி டீச்சருடைய பெண்ணுக்குக் கணுக்காலில் ஒரு வெளுப்பு வந்திருக்கிறது. அந்த அம்மாள் ராப்பகலாகத் தூங்குவதில்லை. உனக்கு முதலில் எங்கே ஆரம்பித்தது? எத்தனை நாளில் பரவிற்று? அம்மா என்னென்ன வைத்தியம் பார்த்தாள்? நான்தான் அதற்குள் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேனே, ஒன்றும் தெரியாது. விவரமாக எழுது. பாவம், சின்னப் பெண்.

சுப்புலக்ஷ்மி


வலியசாலை,
14 ஜூலை

அக்காவுக்கு பத்மா நமஸ்காரம்.

எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்கு மிளகாய் நெடியில் தும்மலைத் தவிர வேறு வியாதி இல்லை.

ஹிந்தி டீச்சருக்காக எழுதுகிறேன். எனக்குப் பத்தொன்பது வயசில், இடது புருவத்துக்குக் கீழே குன்றிமணி அளவில் ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் கண்ணைச் சுற்றி, அப்புறம் உதட்டோரம், கழுத்து, கை. அம்மா கார்போக அரிசியை அரைத்துப் பூசி என்னை மொட்டைமாடி வெய்யிலில் உட்கார வைத்தாள். தோல் வெந்து கொப்பளித்தது. தயிர் கிடையாது, புளி கிடையாது, எலுமிச்சங்காய் ஊறுகாயைக் கண்ணால் பார்க்கக்கூடாது. வெண்படை போகவில்லை. அம்மாவும் பாவம், அழுதுகொண்டேதான் பூசினாள்.

அந்த அம்மாளிடம் சொல்: நல்ல தோல் டாக்டரிடம் காட்டட்டும். அது ஒட்டாது, எனக்கு வலித்ததும் இல்லை, அரித்ததும் இல்லை. வெளுப்பு எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதை மறைப்பதற்காகச் செய்த காரியங்கள்தான் செய்தன. நம் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் உக்ராண அறைச் சாவி யார் கையில் இருந்தது? அரிசி மூட்டைக்கும் வாழைக்காய்க்கும் நடுவில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தே இருபத்தாறு வருஷம் போயிற்று. “பத்மா மாதிரி கறாரா யாரு பார்ப்பா?” என்று எல்லோரும் மெச்சுவீர்கள். அதில் ஒரு தாலி கட்டுவதைக்கூட நான் பார்த்ததில்லை. மேளச் சத்தத்தை வைத்துத்தான் அட்சதை போட்டிருக்கிறேன். அந்தப் பெண் கையில் யாரும் சாவியைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாடலாக உட்கார வெளியாளை வைக்க வசதியில்லை. அதனால் மாணவர்களே முறைபோட்டு ஆளுக்கொரு ஞாயிறு முக்காலியில் உட்கார வேண்டும், மற்றவர்கள் வரைவார்கள். போன வாரம் தாணுமாலையன் என்கிற ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிக் குறட்டையும் விட்டார். அடுத்த மாசம் என் முறை. முடியாது என்று ஸ்மிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை.

ஆனால் மனசு அரிக்கிறது. எல்லோர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்து வரைந்துவிட்டு, என்னை மட்டும் பார்க்காதே என்றால் அது என்ன நியாயம்? நீ என்ன சொல்கிறாய்?

பத்மா


அம்பாசமுத்திரம்,
4 ஆகஸ்ட்

அன்புள்ள பத்மாவுக்கு அக்கா ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

சந்தோஷமான செய்தி. ஆர்யாவுக்கு ஒரு நல்ல ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பையன் புனேயில் என்ஜினீயர், தகப்பனார் இல்லை. தாய்மாமா வெங்கடகிருஷ்ணன்தான் எல்லாம் முன்நின்று பேசுகிறார். அவர் இருப்பது உன் ஊரில், ஸ்ரீவராகத்தில்! நம் வலியசாலை வீட்டை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். நான் நாள் சொல்கிறேன். அன்றைக்கு உனக்கு ஆபீஸ் இருக்கும் அல்லவா? சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

முக்காலி வேண்டாம் பத்மா. ஊர் இரண்டுபட வேண்டாம். என் தலையில் கை வைத்துச் சொல்.

நிச்சயதார்த்தம் ஆகட்டும், உக்ராணம் உன் பொறுப்பு. நீ குத்திக்காட்டி எழுதியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே வேறு ஆள் கிடையாது.

சுப்புலக்ஷ்மி

பி.கு. அந்த ஹிந்தி டீச்சர் கேட்கச் சொன்னாள். வெளுப்பை மறைக்க நீ முகத்துக்குப் போட்டுக்கொண்ட க்ரீம் வியர்த்தால் கரையுமா? விரலில் போட்டால் நிற்குமா?


வலியசாலை,
28 ஆகஸ்ட்

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். இடுப்பு மட்டும் வலி, காரணம் கீழே.

உட்கார்ந்துவிட்டேன். உன் தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாய். தலை அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது, கை எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது பேர் வரைந்தார்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதற்கும் அசையவில்லை. முடிந்ததும் எல்லாப் படத்தையும் கயிற்றில் மாட்டினார்கள். எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒன்பது படத்திலும் மூக்கு என்னுடையது. தோடு என்னுடையது. ஒன்றில்கூட வெளுப்பு இல்லை! ஒருத்தரையொருத்தர் கலந்து பேசாமலே ஒன்பது பேரும் அதைத் துடைத்துவிட்டிருந்தார்கள். சலித்த மாவு மாதிரி ஒரே நிறமாக ஒரு பெண்.

“யாரு இது?” என்றேன்.

“சேச்சிக்கு விஷமமாவும்னு கருதி...” என்று இழுத்தாள் ஸ்மிதா. விஷமம் என்றால் அவர்கள் பாஷையில் வருத்தம்.

ஹோட்டலில் வேலை பார்க்கிற கலைச்செல்வி, “உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதாங்க்கா விட்டுட்டோம்” என்றாள். தாணுமாலையன் அண்ணாச்சி, “நல்லதுக்குத்தான் செஞ்சோம், கோவப்படாதீங்கம்மா” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கீழே மிளகாய்க் கடைக்காரன் மேலே ஏறி வந்துவிட்டான். “ரெண்டு மணி நேரம் உங்க முன்னாடி உக்காந்திருந்தேன். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கலையா? கூஜாவோட நசுங்கலை மட்டும் விடாம போட்டேளே! அந்த மரியாதைகூட எனக்குக் கிடையாதா? மறுபடி உக்கார்றேன். மறுபடி போடுங்கோ. உள்ளதைப் போடுங்கோ” என்று கத்தினேன். அவர்கள் பேரில் தப்பில்லை அக்கா. நல்ல மனுஷர்கள். அந்த நல்லதனத்தில்தான் என் முகம் காணாமல் போயிற்று.

புதன்கிழமை மறுபடி உட்கார்ந்தேன், இந்தத் தடவை வாட்டர்கலர். அண்ணாச்சி வெள்ளைச் சாயம் கேட்டார். ஸ்மிதா கொடுக்கவில்லை. வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவது கிடையாதாம். “பேப்பர் தன்னே வெள்ளையாணு. சுற்றி நிறம் கொடுத்து அதை விட்டுவைங்க” என்றாள். அந்த மனுஷர் நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணைச் சுற்றி, உதட்டோரமாக, கழுத்தில், ஓரம் தப்பாமல் நிறம் வைத்துக்கொண்டே போனார். வேர்த்து ஊற்றிற்று அவருக்கு.

பார்த்தேன். ரதி என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நான். இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் நான் முழுசாகப் பார்க்காத முகத்தை ஒரு ஜவுளிக்கடைக்காரர் முழுசாகப் பார்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

க்ரீம் கரையும். விரலில் நிற்கவே நிற்காது, கை கழுவினால் போய்விடும். கணுக்கால் என்றல்லவா முதலில் எழுதியிருந்தாய்?

பத்மா


வலியசாலை,
22 செப்டம்பர்

அக்காவுக்கு நமஸ்காரம்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாசமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அத்திம்பேர் எடுத்து, “அவள் பிஸி” என்கிறார்.

நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம். விஜயதசமியிலிருந்து நவம்பர் கடைசி வரை பள்ளியில் கண்காட்சி. போஸ்டருக்கு எந்தப் படம் என்று எல்லோரும் கை தூக்கித் தீர்மானித்தோம். அண்ணாச்சி வரைந்த என் படம்தான். நானும் கை தூக்கினேன்.

இப்போது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் சினிமாவுக்கும் லாட்டரிக்கும் நடுவில் இருக்கிறேன். கரமனையில் இரண்டு, சாலை முழுக்க, நம் தெருமுனையில் ஒன்று. முதல் நாள் முக்காடு போட்டுக்கொண்டு ஓடலாமா என்றுகூட இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்தான், வெளியே பார்த்தான், “சேச்சியல்லே அது?” என்றான். ஆமாம் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவ்வளவுதான் அக்கா, இதற்குத்தான் நாம் இத்தனை வருஷம் பயந்தோம்.

இன்னொன்று. உங்கள் பள்ளிக்கூடத்தில் எப்போதிலிருந்து ஹிந்தி? தமிழ்நாட்டு எய்டட் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சருக்கு என்ன வேலை? பொய் சொல்லும்போதுகூட உனக்கு நாம் கோட்டைக்குள் படித்த பள்ளிக்கூடத்து ஹிந்தி டீச்சர்தான் ஞாபகம் வந்திருக்கிறாள். படித்தபோது எனக்கும் உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு வராது அக்கா.

யாருக்கு? ஆர்யாவுக்கா? சொல்லிவிடு. நான் கத்தமாட்டேன்.

பத்மா


அம்பாசமுத்திரம்,
6 அக்டோபர்

பத்மாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

வெங்கடகிருஷ்ணன் மாமா முந்தாநாள் போன் செய்தார். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றாராம். போஸ்டரைப் பார்த்தாராம். படத்துக்கு அடியில் உன் பேர், வலியசாலை என்று ஊர்வேறு போட்டிருக்கிறீர்களாம். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம்.

போஸ்டரை எடு. எல்லாவற்றையும். கண்காட்சியில் அந்தப் படம் இருக்கக்கூடாது. தை மாசம் கல்யாணம் முடியட்டும், பிறகு உன் முகத்தைத் தம்பானூர் ஸ்டேஷனில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குடும்பத்தில் இருக்கிறது என்று ஒரு பேர் வந்துவிட்டால் அப்புறம் எவன் வருவான்?

உன் வாழ்க்கை போனது போயிற்று. என் பெண்ணுடையதையும் கெடுக்காதே. நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது.

சுப்புலக்ஷ்மி


வலியசாலை,
10 அக்டோபர்

அக்காவுக்கு,

நவராத்திரி சமயம், நல்லதே நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

எடுக்கமாட்டேன்.

என் வாழ்க்கை எங்கேயும் போகவில்லை. வலியசாலையில்தான் இருக்கிறது. காலையில் ஆபீஸுக்குப் போகிறது, புதன்கிழமை சாலைக்குப் போகிறது, மிளகாய் நெடியில் தும்முகிறது. போயிற்று என்று நீங்களாகச் சொல்லிச் சொல்லி நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் நம்பமாட்டேன்.

ஒரு போஸ்டரைக் கண்டு ஓடுகிறவன், தாலி கட்டின பிறகு ஒருநாள் காலையில் ஒரு புள்ளியைக் கண்டால் என்ன செய்வான்? அதை யோசித்தாயா? இன்னொரு பத்மாவை நீ உண்டாக்கப் பார்க்கிறாய். அதற்கு நான் சாமான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். உக்ராணத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

பத்மா


அம்பாசமுத்திரம்,
17 அக்டோபர்

குமாரி பத்மா என்கிற பத்மஜாவுக்கு கல்யாணராமன் அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுத ஆசைதான். தற்போதைய நிலவரம் அதற்கு இடம் தரவில்லை.

தங்கள் போஸ்டர் விஷயமாக. உன் அக்கா எழுதியும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று அறிகிறேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நாங்கள் ஆயிரம்கூடச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான்.

நான் பிடிவாதக்காரன் அல்ல. சுமுகமான ஒரு யோசனை: அந்த ஓவியரிடம் சொல்லி, படத்தில் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிறம் நிரப்பித் தரச் சொல். படமும் இருக்கும், சம்பந்தமும் இருக்கும். இரு தரப்புக்கும் நஷ்டமில்லை. ஜவுளிக்கடைக்காரர் என்கிறார்கள், விவரம் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

ஆர்யா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அறைக் கதவைத் திறப்பதில்லை. இதற்கு உன் போஸ்டர்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

உடன் பதில் எதிர்பார்க்கிறேன். விலாசம் எழுதிய கவர் இணைத்துள்ளேன்.

கல்யாணராமன்


வலியசாலை,
27 அக்டோபர்

அக்காவுக்கு,

பதறாதே. ஆர்யா இங்கே இருக்கிறாள். சாப்பிட்டாள், தூங்கினாள். அத்திம்பேருக்கு நான் தனியாகப் பதில் எழுதவில்லை. அவர் அனுப்பிய கவரில்தான் இதை உனக்கு அனுப்புகிறேன், அவர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

நேற்றுக் காலை கதவைத் தட்டினாள். தோளில் பை, காலில் செருப்புக்குள் சாக்ஸ், இந்தப் புழுக்கத்தில் முழுக்கை சட்டை. உள்ளே வந்ததும், “சித்தி, தோசை இருக்கா?” என்றாள். ஆறு தோசை சாப்பிட்டாள். பத்து நாளாகச் சாப்பிடாத பெண்ணாம்!

சாப்பிட்டு முடித்துச் சாக்ஸைக் கழற்றினாள். இரண்டு கணுக்காலும். வலது கையில் மூன்று விரல் நுனி. என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“வீடியோ காலுக்கு முன்னாடி அம்மா என் விரலுக்கு க்ரீம் தடவுவா சித்தி. அவன் என்ன என் விரலைப் பார்த்தா பேசறான்?” என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “ஆறு மாசமா நான் ஆத்தை விட்டு வெளியில போகலை. யாரோடயும் பேசலை. உன்னோட பேசினா உனக்குத் தெரிஞ்சுடும்னு அம்மா பேசவிடலை.”

இன்னொன்றும் சொன்னாள். அந்த மாமா போனில், “போஸ்டர்ல இருக்கறவா உங்க தங்கையா?” என்று கேட்டதற்கு, “இல்லே, தூரத்து உறவு” என்று நீ சொன்னாயாம். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அழுதேன் அக்கா. முதல் புள்ளியைக் கண்ணாடியில் பார்த்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. உன் பழம்பாவாடையைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள் நான். சின்ன வயசில் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் நீ. தூரத்து உறவா?

இன்று காலை பள்ளிக்குக் கூட்டிப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் கூப்பிட்டேன். அவள் யாரையும் கேட்காமல் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெஞ்சில் வெறுங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இதை விட்டுட்டு யாராவது வரைஞ்சேள்னா சித்தி கத்துவா” என்றாள். அண்ணாச்சி பிரஷை எடுத்தபடியே, “நாங்க ஒரு தடவ வாங்கினது போதும் மக்கா” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. உன் பெண் சிரித்து நீ எப்போது பார்த்தாய்?

அந்தப் பையனிடம் நேற்று ராத்திரி அவளே போனில் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். “நீ யோசி, நானும் யோசிக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். மாமாவிடம் அவன் இன்னும் பேசவில்லையாம். அதனால் உங்கள் பொய் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உன் பாடு.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைத் தூரத்து உறவு என்றாய், போகட்டும். நாளைக்கு இவள் முகத்திலும் வந்தால், இவளை யார் என்று சொல்வாய்?

பத்மா


அம்பாசமுத்திரம்,
4 நவம்பர்

ஸ்ரீ வெங்கடகிருஷ்ணன் அவர்களுக்கு சுப்புலக்ஷ்மி நமஸ்காரம்.

தாங்களும் மாமியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டில் தீபாவளி நன்றாக நடந்திருக்கும். எங்கள் வீட்டில் பட்சணம் செய்யவில்லை. பெண் ஊரில் இல்லை, எனக்குக் கை ஓடவில்லை.

இந்தக் கடிதத்தை என் கணவர் பார்க்கவில்லை. பார்த்தால் திருத்தம் செய்வார். அதனால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் முடிப்பதற்குள் நானும் முடித்துவிட வேண்டும்.

போன மாசம் தாங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். அந்தப் பொய் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு கணுக்காலிலும் வலது கை விரல்களிலும் வெண்படை இருக்கிறது. இன்னும் பரவலாம், பரவாமலும் இருக்கலாம், டாக்டருக்கே தெரியாது. வீடியோவில் தங்கள் மருமான் பார்த்த விரல்களுக்கு நான்தான் சாயம் பூசினேன். அது என் பெண்ணின் தப்பல்ல. பூசும்போதெல்லாம் கையை இழுத்துக்கொண்டாள், நான்தான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று முதல் நாளே விசாரித்தீர்கள். தங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் கிடையாது என்றும் சொன்னீர்கள், சந்தோஷம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு உண்டு. ஒருத்தி என் பெண். இன்னொருத்தியைத் தாங்கள் கிழக்கேகோட்டையில் பார்த்தீர்கள்.

இதற்கு மேலும் சம்மதம் என்றால் ஆர்யாவிடம் நேராகக் கேளுங்கள். அவள் சம்மதிப்பாளா என்பது எனக்குத் தெரியாது. இல்லையென்றால் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பச் சிரமப்பட வேண்டாம், எங்களிடம் நகல் இருக்கிறது.

கண்காட்சி இந்த மாசக் கடைசி வரை இருக்கிறது. சாலையில், மிளகாய் மொத்தக் கடைக்கு மேல்மாடி. தங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மாமியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நானும் சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
போஸ்டரில் இருப்பவளின் கூடப்பிறந்த அக்கா,
சுப்புலக்ஷ்மி